தீவுக்குப் பறந்த புறா



உங்களுக்கு மிகவும் பிடித்த புத்தகம் ஒன்று, உங்கள் நண்பனிடம் இருக்கிறது. கடையில் கிடைக்காது. ஜெராக்ஸ் எடுக்கவும் வழியில்லை. என்ன செய்வீர்கள்? அவனுக்குத் தெரியாமல், இரவெல்லாம் கண் விழித்து, வரிக்கு வரி அதை உங்கள் நோட்டில் எழுதிக் கொள்கிறீர்கள். காகிதம் உங்களுடையது. மையும் உங்களுடையது. கை வலித்ததும் உங்களுக்குத்தான். விடிந்ததும் நண்பன் வந்து, அந்த நோட்டும் தனக்கே சொந்தம் என்று கேட்டால் கொடுத்து விடுவீர்களா?

இப்படி ஒரு வழக்கு, சுமார் 1,460 ஆண்டுகளுக்கு முன், அயர்லாந்து மன்னர் ஒருவரின் முன்னால் வந்ததாம். அதன் முடிவில் ஒரு போரே நடந்ததாம். நகல் எடுத்தவர் திருடர் அல்ல, ஒரு துறவி! அவர் பெயர் கொலம்பா. பிற்காலத்தில் ஸ்காட்லாந்து மக்கள் தங்கள் புனிதராகக் கொண்டாடியது இவரைத்தான்.

உலகப்படத்தை எடுத்துக் கொள்ளுங்கள். ஐரோப்பாவின் வடமேற்கு ஓரத்தில் இரண்டு பெரிய தீவுகள் தெரிகின்றனவா? கிழக்கே இருப்பது பிரிட்டன். அதன் வடபகுதிதான் ஸ்காட்லாந்து. மேற்கே இருப்பது அயர்லாந்து. இரண்டுக்கும் நடுவில் கடல். மிகக் குறுகலான இடத்தில், அந்தக் கடலின் அகலம் இருபது கிலோமீட்டர் அளவுதான். ஆனால், கொலம்பாவுக்கு அது எவ்வளவு பெரிய தூரமாக ஆனது என்பதைப் பிறகு பார்ப்போம்.

கி.பி. 521ம் ஆண்டு, அயர்லாந்தின் வடமேற்கில் உள்ள டோனிகால் பகுதியில், கார்ட்டான் என்ற இடத்தில் கொலம்பா பிறந்தார் என்பது மரபு. தந்தை பெயர் பெடெல்மித். தாய் பெயர் எத்னே. அரச குலத்தைச் சேர்ந்த குடும்பம். நினைத்திருந்தால், குதிரையும் வாளும் படையுமாக வாழ்ந்திருக்கலாம். ஆனால், சிறு வயதிலேயே ஒரு பாதிரியாரிடம் வளர்ப்புப் பிள்ளையாக ஒப்படைக்கப்பட்டார். உயர்குடிப் பிள்ளைகளை அப்படி வேறொருவரிடம் வளர்க்கக் கொடுப்பது, அந்நாட்டு வழக்கம்.

லத்தீன் மொழியில் கொலம்பா என்றால் புறா. அயர்லாந்து மக்கள் அவரைக் கொலும் கில்லே என்று அழைத்தனர். அதற்குத் தேவாலயப் புறா என்று பொருள்.

அவர் எழுத்து கற்ற கதை வேடிக்கையானது. எழுத்துகளை ஒரு ரொட்டியின் மேல் எழுதிக் கொடுத்தார்களாம். சிறுவன் கொலம்பா, ஒரு நீரோடையின் இந்தக் கரையில் பாதி ரொட்டியையும், அந்தக் கரையில் மீதிப் பாதியையும் தின்று தீர்த்தானாம். அவன் வாழ்க்கை கடலின் இரு பக்கமும் நடக்கப் போகிறது என்பதற்கு அதுவே அடையாளம் என்று, பின்னால் கதை சொன்னவர்கள் விளக்கம் தந்தனர். விளக்கம் கிடக்கட்டும். எழுத்துகளை அப்படி ருசித்துச் சாப்பிட்ட பிள்ளை, வாழ்நாள் முழுவதும் எழுத்தை விடவே இல்லை.

அந்தக் காலத்தில் ஒரு புத்தகம் உண்டாவது, எவ்வளவு பெரிய வேலை தெரியுமா? அச்சு இயந்திரம் கிடையாது. காகிதமும் அந்த நாட்டுக்கு வரவில்லை. கன்றுக்குட்டியின் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊற வைத்து, முடியைச் சுரண்டி, சட்டத்தில் இழுத்துக் கட்டிக் காய வைப்பார்கள். அதுதான் தாள். வாத்தின் இறகைச் சீவினால் பேனா. இறகை மையில் தொட்டுத் தொட்டு, ஒவ்வோர் எழுத்தாக எழுத வேண்டும். ஒரு முழுப் புத்தகத்துக்கு எத்தனை கன்றுகளின் தோல் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். அதனால்தான் புத்தகம் வைத்திருப்பவர், அதை நகையைப் போலப் பாதுகாத்தார்.

கொலம்பாவின் குருவான பின்னியன் என்ற துறவியிடம், அப்படி ஓர் அரிய புத்தகம் இருந்தது. பைபிளில் உள்ள திருப்பாடல்கள் எல்லாம் அடங்கிய நூல். அதன் மேல் கொலம்பாவுக்கு ஆசை. கேட்டால் தர மாட்டார் என்று நினைத்தாரோ என்னவோ, எல்லோரும் உறங்கிய பின், தேவாலயத்தில் தனியாக அமர்ந்து நகல் எடுக்கத் தொடங்கினார். விளக்குக்கு என்ன செய்தார்? அவருடைய கைவிரல்கள் ஐந்தும் மெழுகுவர்த்தி போல ஒளி வீசின என்கிறது கதை.

யாரோ உள்ளே இருப்பதை அறிந்த பின்னியன், ஒரு பையனை அனுப்பினார். அவன் கதவிலிருந்த ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தான். உள்ளே கொலம்பா வளர்த்த நாரை ஒன்று நின்று கொண்டிருந்தது. அது ஓட்டையில் தெரிந்த கண்ணைக் கொத்தி விட்டது! நல்ல வேளையாக, பின்னியன் இறைவனை வேண்டி அந்தக் கண்ணைக் குணப்படுத்தினாராம்.

நகலைத் தன்னிடம் தர வேண்டும் என்றார் பின்னியன். முடியாது என்றார் கொலம்பா. வழக்கு, தாரா என்ற இடத்திலிருந்து ஆண்ட மன்னர் டியர்மெய்டிடம் போனது. பசு யாருடையதோ, கன்றும் அவருடையதே. அதுபோல, நூல் யாருடையதோ, நகலும் அவருடையதே என்று அவர் தீர்ப்புச் சொன்னார். பக்கங்கள் எல்லாம் கன்றுத்தோலாக இருந்ததால், இந்த உவமை அவருக்குச் சட்டென்று தோன்றியிருக்கலாம்!

இந்தத் தீர்ப்பு சரியா? நூலில் இருக்கும் சொற்களை யாரும் மறைத்து வைக்கக் கூடாது என்பது கொலம்பாவின் பக்கம். குருவின் பொருளை அவருக்குத் தெரியாமல் எடுத்தது தவறு என்பது எதிர்ப்பக்கம். என்னைக் கேட்டால், இருவரிடமும் பாதி நியாயம் இருக்கிறது. உங்கள் வகுப்பில் இரண்டு அணியாகப் பிரிந்து, விவாதித்துப் பாருங்கள்.

கொலம்பாவால் தீர்ப்பை ஏற்க முடியவில்லை. அதே சமயத்தில் இன்னொன்றும் நடந்தது. அவரிடம் அடைக்கலம் புகுந்த ஓர் இளவரசனை, மன்னரின் ஆட்கள் பிடித்துச் சென்று கொன்றனர். கோபம் தலைக்கேறியது. கொலம்பாவின் உறவினர்கள் வீரம் மிக்க வடக்குக் குலத்தார். அவர்கள் படை திரட்டினர். கி.பி. 561ம் ஆண்டு வாக்கில், ஸ்லைகோ பகுதியில், குல் ட்ரெம்னே என்ற இடத்தில் போர் நடந்தது. மன்னர் தோற்றார். அன்று மூவாயிரம் பேர் மடிந்ததாகக் கதை சொல்கிறது.

இங்கே கொஞ்சம் நிறுத்துவோம். இதெல்லாம் உண்மைதானா?

போர் நடந்தது உண்மை. பழைய ஆண்டுக் குறிப்புகளில் அது இருக்கிறது. ஆனால், புத்தகத்துக்காக நடந்தது என்ற கதையை, மேனஸ் ஓ டோனல் என்ற அயர்லாந்துத் தலைவர் விரிவாகத் தொகுத்து எழுதி முடித்தது 1532ம் ஆண்டில்! கிட்டத்தட்ட ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின். அரச குலங்களுக்கு இடையே இருந்த பகைதான் போருக்கு முக்கியக் காரணம் என்று வரலாற்று அறிஞர்கள் கருதுகின்றனர். கொலம்பாவைப் பற்றி நமக்குக் கிடைக்கும் முதல் முழு வரலாறு, அவர் இறந்து நூறு ஆண்டுகளுக்குப் பின் எழுதப்பட்டது. எழுதியவர், அவருடைய மடத்தின் ஒன்பதாவது தலைவரான அடம்னான். அவர் போரைக் குறிப்பிடுகிறார். புத்தக வழக்கைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. ஆனால், ஒரு சபை கூடிக் கொலம்பாவைத் திருச்சபையிலிருந்து விலக்கியதையும், பின்னர் அதைக் கைவிட்டதையும் எழுதியிருக்கிறார். அயர்லாந்தில் அவர்மேல் ஏதோ ஒரு பெரிய குறை சொல்லப்பட்டது என்பது மட்டும் நிச்சயம்.

கி.பி. 563ம் ஆண்டு. கொலம்பாவுக்கு 42 வயது. பன்னிரண்டு துணைவர்களுடன் அயர்லாந்தை விட்டுப் படகேறினார். போரில் எத்தனை பேர் மடிந்தார்களோ, அத்தனை பேரை இறைவனிடம் சேர்க்கும் வரை ஓய மாட்டேன் என்று உறுதி பூண்டு கிளம்பினார் என்கிறது கதை. அவர்கள் ஏறிய படகுக்குக் கர்ரக் என்று பெயர். வளைத்த மரச் சட்டங்களின் மேல் மாட்டுத் தோலை இழுத்துக் கட்டிய படகு அது. அட்லாண்டிக் அலைகளில் அதில் போவதை நினைத்தாலே வயிறு கலங்குகிறது!

அவர்கள் இறங்கியது, ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள ஒரு குட்டித் தீவில். இறங்கியதும் கொலம்பா ஒரு குன்றின் மேல் ஏறி, தெற்கே பார்த்தாராம். அயர்லாந்து கண்ணுக்குத் தெரிகிறதா என்று சோதிக்கத்தான்! தெரிந்தால் மனம் அங்கேயே ஓடும் அல்லவா? தெரியவில்லை என்று உறுதியான பிறகுதான், அந்தத் தீவில் தங்க முடிவு செய்தாராம். அயர்லாந்துக்கு முதுகு காட்டிய குன்று என்று, அந்த ஊர் மொழியில் இன்றும் அதற்குப் பெயர். பிற்காலத்தில் மடத்து வேலையாகச் சில முறை அவர் அயர்லாந்துக்குப் போய் வந்தார் என்பதும் உண்மை. ஆனால், வாழ்ந்தது என்னவோ தீவில்தான். மொத்தம் 34 ஆண்டுகள்!

அந்தத் தீவின் பெயர் அயோனா. இந்தப் பெயரே நகல் எடுத்தபோது நேர்ந்த பிழை என்றால் நம்புவீர்களா? அடம்னான் தமது நூலில், இயோவா என்று வரும்படிதான் எழுதினார். ஆங்கிலத்தில் சிறிய எழுத்தாக யூ, என் இரண்டையும் வேகமாக எழுதிப் பாருங்கள். ஒன்றைக் கவிழ்த்தால் மற்றொன்று! பின்னால் வந்த எழுத்தர்கள் யூவை என் என்று படித்து விட்டனர். இயோவா, அயோனா ஆகி விட்டது. இன்னும் ஒரு வேடிக்கை. எபிரேய மொழியில் யோனா என்றாலும் புறாதான்! புறாவின் தீவுக்குப் பிழையாலேயே சரியான பெயர் அமைந்து விட்டது.

தீவு மிகச் சிறியது. நீளம் ஐந்தாறு கிலோமீட்டர். அகலம் இரண்டு கிலோமீட்டர் அளவு. துறவிகள் தாங்களே குடிசை கட்டினர். வாற்கோதுமை பயிரிட்டனர். பசு வளர்த்தனர். மரத்தாலான சிறு தேவாலயம் எழுப்பினர். ஜெபம், வயல் வேலை, படிப்பு, எழுத்து என்று நாள் ஓடும். ஒரு மணி நேரத்தைக்கூடக் கொலம்பா வீணாக்க மாட்டார் என்கிறார் அடம்னான். அங்கிருந்து அவரும் அவர் சீடர்களும் படகிலும் கால்நடையாகவும் சென்று, வடக்கே வாழ்ந்த பிக்ட் இன மக்களிடம் கிறிஸ்தவ மதத்தைப் பரப்பினர். அவர்களுடைய மன்னர் பிரைட் கோட்டைக் கதவைத் திறக்க மறுத்தபோது, கொலம்பா சிலுவை அடையாளமிட்டதும் அது தானே திறந்ததாம்.

அந்தப் பயணத்தில்தான், நெஸ் ஆற்றில் ஒரு பெரிய நீர் விலங்கு மனிதன் ஒருவனைக் கொன்றதாகவும், இன்னொருவனை விழுங்க வந்தபோது கொலம்பா அதட்ட, அது பின்வாங்கி ஓடியதாகவும் அடம்னான் எழுதியிருக்கிறார். டிவியில் நெஸ் ஏரி அசுரனைப் பற்றிக் கேட்டிருப்பீர்களே, அந்தப் பேச்சுக்கு இதை முதல் சாட்சியாகக் காட்டுவார்கள். ஆனால், அடம்னான் சொன்னது ஏரி அல்ல, ஆறு. ஏரி அசுரனைப் பற்றிய பரபரப்பு, 1933ம் ஆண்டில்தான் பத்திரிகைகளில் கிளம்பியது.

அசுரனை விட, தீவில் நடந்த சின்னச் சின்ன சம்பவங்கள்தான் எனக்குப் பிடிக்கும். ஒரு நாள் அக்கரையிலிருந்து யாரோ படகு வேண்டிச் சத்தமாகக் கூவினார். உள்ளே எழுதிக் கொண்டிருந்த கொலம்பா, இன்று இந்த மனிதர் என் மைக்கூட்டைக் கவிழ்க்கப் போகிறார் என்றார். உதவியாளர் உடனே வாசலில் காவல் நின்றார். சிறிது நேரத்தில் வேறு வேலை வந்து, அவர் நகர்ந்தார். அவ்வளவுதான்! விருந்தாளி ஆவலோடு ஓடி வந்து கொலம்பாவை முத்தமிடக் குனிய, அவர் அங்கியின் நுனி பட்டு மை கொட்டியே விட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் இருந்தவன் என்பதால், மை கொட்டுவதை முன்கூட்டியே அறிய அதிசய சக்தி எதுவும் வேண்டாம் என்று எனக்குத் தெரியும்!

இன்னொரு நாள், ஒரு துறவியை அழைத்து, மூன்றாம் நாள் மேற்குக் கடற்கரையில் காத்திருக்கச் சொன்னார். அயர்லாந்திலிருந்து ஒரு நாரை, காற்றில் அலைக்கழிந்து களைத்து வந்து விழும். அதைத் தூக்கிச் சென்று மூன்று நாள் உணவு கொடுத்துப் பார்த்துக் கொள்ள வேண்டும் என்றார். அது நம் ஊரிலிருந்து வரும் விருந்தாளி என்பது அவர் சொன்ன காரணம். அப்படியே நாரை வந்தது. மூன்று நாளில் தேறியது. மேலே எழுந்து வட்டமிட்டு, வழி பார்த்துக் கொண்டு, நேராக அயர்லாந்தை நோக்கிப் பறந்து போனது. கொலம்பா எவ்வளவு ஏக்கத்தோடு அந்தப் பக்கம் பார்த்திருப்பார் என்பதை அடம்னான் எழுதவில்லை.

எர்க் என்ற திருடனின் கதையைச் சொல்லாமல் விடக் கூடாது. கடல்நாய் என்று சொல்லப்படும் சீல் கூட்டம் வந்து குட்டி போடும் ஒரு சிறு தீவு, மடத்துக்குச் சொந்தமாக இருந்தது. அங்கே சீல்களைத் திருட வந்த எர்க், பக்கத்துத் தீவான மல்லில், மணல்மேட்டின் நடுவே, படகைக் கவிழ்த்து வைக்கோலால் மூடிக்கொண்டு, அதனடியில் பகலெல்லாம் பதுங்கிக் கிடந்தான். கொலம்பா அனுப்பிய இரு துறவிகள், அவனைக் கண்டுபிடித்து அழைத்து வந்தனர். அடி கிடைக்கும் என்றுதான் அவன் நினைத்திருப்பான். எதற்காகத் திருடுகிறாய், தேவைப்படும்போது வந்து கேட்டால் தர மாட்டோமா என்று கேட்டார் கொலம்பா. வெறுங்கையோடு போகக் கூடாது என்று, மடத்து ஆடுகளை அடித்துக் கொடுத்தனுப்பச் சொன்னார். சில காலம் கழித்து, அவன் சாகும் தறுவாயில் இருப்பதை அறிந்து, கொழுத்த ஆடும் தானியமும் அனுப்பினார். போய்ச் சேருவதற்குள் எர்க் இறந்து விட்டான். அனுப்பிய உணவு, அவன் இறுதிச் சடங்குக்கு வந்தவர்களுக்குப் பயன்பட்டது. ஒரு நகலை விட்டுக் கொடுக்காதவராகக் கதை சொல்லும் அதே மனிதர்தான் இவர்.

கி.பி. 597ம் ஆண்டு ஜூன் மாதம், 8ம் தேதி, சனிக்கிழமை. கொலம்பாவுக்கு 75 வயது கடந்திருந்தது. நடக்கவே சிரமம். களஞ்சியத்துக்குப் போய்ப் பார்த்தார். இரண்டு குவியல் தானியம் இருந்தது. தான் இல்லாவிட்டாலும், இந்த ஆண்டு பிள்ளைகளுக்கு உணவு இருக்கிறது என்று நிம்மதி அடைந்தார். திரும்பும் வழியில் களைத்துப் போய் உட்கார்ந்தார். பால் பாத்திரங்களைச் சுமக்கும் மடத்து வெள்ளைக் குதிரை, அவரிடம் வந்தது. அவர் மார்பில் தலையைச் சாய்த்துக் கண்ணீர் விட்டது. உதவியாளர் அதை விரட்டப் போனார். கொலம்பா தடுத்தார். உனக்குத் தெரியாதது, இந்த வாயில்லா ஜீவனுக்குத் தெரிந்திருக்கிறது; அழட்டும் விடு என்றார்.

பிறகு, மடத்தைப் பார்த்தபடி இருக்கும் ஒரு சிறு மேட்டில் ஏறி நின்று, இரு கைகளையும் உயர்த்தி மடத்தை ஆசீர்வதித்தார். குடிசைக்குத் திரும்பியதும் என்ன செய்தார் தெரியுமா? இறகை எடுத்து நகல் எழுத உட்கார்ந்தார்! அதே திருப்பாடல்கள். முப்பத்து நான்காவது பாடலில் ஒரு பக்கம் முடிந்தது. இங்கே நிறுத்திக் கொள்கிறேன், மீதியைப் பைத்தீன் எழுதட்டும் என்று சொல்லி, இறகை வைத்தார். பைத்தீன் அவருடைய உறவினர். அவருக்குப் பின் மடத்தின் தலைவரானவர்.

நள்ளிரவு ஜெபத்துக்கு மணி அடித்தது. எல்லோருக்கும் முன்னால் அவர் தேவாலயத்துக்குள் ஓடினார். பின்னால் வந்த உதவியாளர், இருட்டில் தடவிப் பார்த்தபோது, பீடத்தின் முன் அவர் விழுந்து கிடந்தார். மற்றவர்கள் விளக்கோடு வந்தனர். அவர் வலக்கையை உதவியாளர் தூக்கிப் பிடிக்க, அந்தக் கையால் அவர்களை ஆசீர்வதித்து விட்டு உயிர் துறந்தார். ஜூன் 9ம் தேதி, இன்றும் அவருடைய திருநாள். சவ அடக்கத்துக்கான மூன்று நாளும் பெருங்காற்று வீசியதால், வெளியூரிலிருந்து ஒரு படகும் வர முடியவில்லை. தீவிலிருந்த துறவிகள் மட்டுமே அவரை அடக்கம் செய்தனர்.

அவர் இறந்து சரியாக நூறாவது ஆண்டில், 697ல், அடம்னான் அயர்லாந்தில் ஒரு பெரிய சபையைக் கூட்டினார். அரசர்களும் மதத் தலைவர்களும் வந்தனர். போர் நடக்கும்போது பெண்களையும், குழந்தைகளையும், துறவிகளையும் கொல்லக் கூடாது. மீறினால் அபராதம் என்று அங்கே சட்டம் இயற்றப்பட்டது. குற்றமற்றோர் சட்டம் என்று அதற்குப் பெயர். ஐரோப்பாவில் இப்படி இயற்றப்பட்ட மிகப் பழைய சட்டங்களில் இது ஒன்று. குல் ட்ரெம்னே போரை மறக்காத ஒரு மடத்திலிருந்து, இது வந்தது.

ஆனால், வாளோடு வந்தவர்களுக்குச் சட்டம் தெரியவில்லை. 795ம் ஆண்டு, வைக்கிங் எனப்படும் கடற்கொள்ளையர் அயோனாவைத் தாக்கினர். 802ல் தீ வைத்தனர். 806ல் 68 பேரைக் கொன்றனர். தப்பியவர்களில் பலர் அயர்லாந்தில் கெல்ஸ் என்ற இடத்துக்குப் போய், புது மடம் கட்டினர். 849ல் கொலம்பாவின் புனிதப் பொருள்களைப் பங்கிட்டு, ஒரு பகுதியை ஸ்காட்லாந்தின் டன்கெல்டுக்கும், மறு பகுதியைக் கெல்ஸுக்கும் கொண்டு போயினர்.

சரி, இப்போது அயோனாவுக்குப் போனால் என்ன பார்க்கலாம்? ஓபன் என்ற துறைமுகத்தில் கப்பலேறி மல் தீவு; அதைக் குறுக்கே கடந்து அதன் மேற்கு முனை; அங்கிருந்து பத்து நிமிடப் படகுப் பயணம். சுற்றுலாப் பயணிகள் காரைக் கொண்டு போக அனுமதி இல்லை. தீவில் வாழ்பவர்கள் இருநூறு பேர்கூட இல்லை. தெற்குக் கோடியில், கொலம்பாவின் தோல்படகு ஒதுங்கியதாகச் சொல்லப்படும் விரிகுடாவில், பச்சை நிறக் கூழாங்கற்கள் அலையில் உருண்டு மின்னும்.

கி.பி. 1200 வாக்கில் கட்டப்பட்ட பெரிய கல் மடம், பின்னர் பாழடைந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் தேவாலயத்தைப் புதுப்பித்தனர். 1938ம் ஆண்டு, ஜார்ஜ் மெக்லியோட் என்ற போதகர், கிளாஸ்கோ நகரத்தில் வேலையின்றித் தவித்த கைவினைத் தொழிலாளர்களையும், பயிற்சிப் போதகர்களையும் ஒன்றாக அழைத்து வந்து, மற்ற கட்டடங்களைக் கட்டத் தொடங்கினார். வேலை முடிய 1965 ஆனது. வாசலுக்கு எதிரே புனித மார்ட்டின் சிலுவை என்ற கற்சிலுவை, நான்கு மீட்டருக்கும் மேல் உயரமாக நிற்கிறது. எட்டாம் நூற்றாண்டில் நட்ட அதே இடத்தில், அத்தனை புயலையும் தாங்கி நிற்கிறது! பக்கத்தில் உள்ள பழைய இடுகாட்டில் ஸ்காட்லாந்து மன்னர்கள் 48 பேர் உறங்குகிறார்கள் என்று ஒரு பழைய கணக்கு உண்டு. ஷேக்ஸ்பியர் நாடகத்தில் வரும் மெக்பெத்தும் அவர்களில் ஒருவராம். அத்தனை பேர் இருக்க முடியாது என்கின்றனர் இன்றைய ஆராய்ச்சியாளர்கள்.

புனிதத் தலம் என்றால் கூடுதல் கதைகளும் ஒட்டிக் கொள்ளும். ஸ்காட்லாந்தின் தென்மேற்கில், கின்டைர் முனையில், பாறை மேல் கொலம்பாவின் காலடித் தடங்கள் என்று இரண்டு இருக்கின்றன. அவற்றில் ஒன்று, 1856ம் ஆண்டு உள்ளூர்க் கல்தச்சர் ஒருவர் செதுக்கியது!

அயோனா மடத்துக்கு எதிரிலேயே ஒரு பாறை மேடு இருக்கிறது. மடத்துத் தலைவரின் மேடு என்று பெயர். கொலம்பாவின் எழுத்துக் குடிசை இதன்மேல்தான் இருந்தது என்று, மக்கள் காலங்காலமாகச் சொல்லி வந்தனர். 1957ல் சார்லஸ் தாமஸ் என்ற தொல்லியல் அறிஞர் அங்கே தோண்டினார். எரிந்துபோன குடிசையின் கரித்துண்டுகள் கிடைத்தன. அவற்றின் வயதைத் துல்லியமாகக் கணிக்க, அப்போது வசதி போதவில்லை. அவர் அந்தக் கரித்துண்டுகளைத் தீப்பெட்டிகளில் போட்டுப் பத்திரமாக வைத்தார். அறுபது ஆண்டுகள் ஓடின. கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், அவற்றைக் கதிரியக்கக் கார்பன் முறையில் சோதித்து, 2017ல் முடிவை வெளியிட்டனர். கரியின் காலம் கி.பி. 540க்கும் 650க்கும் இடைப்பட்டது! கொலம்பா அங்கே வாழ்ந்தது 563 முதல் 597 வரை. கணக்குப் போட்டுக் கொள்ளுங்கள்.

அவர் தொடங்கி வைத்த எழுத்து வேலையும் பல நாடுகளுக்குப் போய் விட்டது. உலகப் புகழ் பெற்ற கெல்ஸ் நூல், கி.பி. 800 வாக்கில் அயோனாத் துறவிகளால் தொடங்கப்பட்டிருக்கலாம் என்பது, அறிஞர் பலரின் கருத்து. வண்ணச் சித்திரங்கள் நிறைந்த அதன் 340 தோல் தாள்கள், டப்ளின் நகரில் டிரினிட்டி கல்லூரியில் உள்ளன. அடம்னான் எழுதிய வரலாற்றின் மிகப் பழைய பிரதி, அவர் காலத்தை ஒட்டி அயோனாவிலேயே எழுதப்பட்டது. அது சுவிட்சர்லாந்தில், ஷாஃப்ஹவுசன் நகர நூலகத்தில் இருக்கிறது.

போருக்குக் காரணமானதாகச் சொல்லப்படும் அந்த நகல் என்ன ஆனது? ஓ டோனல் குலத்தார் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்த ஒரு திருப்பாடல் நூல்தான் அது என்பது, அவர்கள் நம்பிக்கை. அதற்குக் கதாக், அதாவது போர் வீரன் என்று பெயர். வெள்ளி வேலைப்பாடு செய்த பெட்டியில் வைத்து மூடி, சண்டைக்குப் போகும் முன், படையைச் சுற்றி மூன்று முறை எடுத்து வருவார்களாம். 1813ம் ஆண்டு பெட்டியைத் திறந்தபோது, தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் போய்க் கிடந்தன. அவற்றைப் பக்குவமாகப் பிரித்தெடுத்தனர். இப்போது 58 தாள்கள், டப்ளினில் உள்ள ராயல் ஐரிஷ் அகாடமியில் பாதுகாக்கப்படுகின்றன. அயர்லாந்தில் எழுதப்பட்டு, இன்றுவரை கிடைத்துள்ள நூல்களில் மிகப் பழையவற்றுள் இதுவும் ஒன்று. எழுத்தைப் பார்த்து, ஆறாம் நூற்றாண்டின் இறுதி அல்லது ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம் என்கிறார்கள். கொலம்பாவின் கையெழுத்துத்தானா என்று நிரூபிக்க வழியில்லை. முதல் தாள்களும் கடைசித் தாள்களும் போய் விட்டன. எஞ்சியிருப்பது, முப்பதாவது திருப்பாடலிலிருந்து நூற்று ஐந்தாவது வரை. கடைசி நாளில் கொலம்பா பாதியில் நிறுத்திய பாடலும் இந்த வரிசைக்குள்தான் வருகிறது.